மனைவியின் விசா பைல் யார் கையில் இருக்க வேண்டும்?



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தவர்கள், கொடுக்கப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் அப்படிப்பட்ட ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

முன்பெல்லாம் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வந்தால் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும். இப்போது பைல் இருக்கிறது. சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று நான்கு பக்கமிருந்தும் வருகிறார்கள். பையன் துபாயில் இருப்பான், சிங்கப்பூரில் இருப்பான், டெக்சாஸில் இருப்பான். கல்யாணத்துக்கு முப்பது நாள் லீவில் வந்து போயிருப்பான். இப்போது மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டும். "பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க சார்" என்பார்கள்.

பைலைத் தூக்கிக்கொண்டு வருவது மாமனாராக இருக்கும், மச்சானாக இருக்கும், சில நேரம் பிரவுசிங் சென்டர் பையனாகவே இருக்கும். யாருடைய பைலோ அந்தப் பெண் மட்டும் வருவதில்லை. கேட்டால், "பாப்பாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார், மாப்பிள்ளை எல்லாத்தையும் பார்த்துக்கிறாரு" என்பார்கள். பாப்பா எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவியின் பாஸ்போர்ட், விசா வேலைகளைக் கணவன் ஒருவனே போனில் இருந்தபடி நடத்தி முடிப்பது பாசத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். அது சரியில்லை. கணவன் செய்ய வேண்டிய பங்கு நிறைய இருக்கிறது. ஆனால் விண்ணப்பதாரர் அவள். பைல் அவள் கையில் இருக்க வேண்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரலாற்று வாத்தியார் என்பதால் ஒரு பழைய கதை. 1913 மார்ச் 14ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில், கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். அங்கே குடியிருந்த ஓர் இந்தியர், இந்தியாவிலிருந்து தன் மனைவியை அழைத்து வந்தபோது அதிகாரிகள் இறங்க விடவில்லை. பலதார மணத்துக்கு இடம் கொடுக்கும் மதச் சடங்குப்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது, ஆகவே அவர் மனைவி என்ற முறையில் உள்ளே வர முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்களின் மனைவி என்ற நிலையே கேள்விக்குறியானது. அதுவரை காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பெண்கள் திரளாக வந்தார்கள். கஸ்தூரிபா சிறை சென்றார். டிரான்ஸ்வாலில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது பதினாறு. அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் நம் திருமணங்களை ஏற்றது.

தில்லையாடி வள்ளியம்மை பாடத்தை எல்லாரும் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கினீர்கள். அந்தப் போராட்டத்தின் காரணங்களில் ஒன்று கணவன் மனைவி ஆவணப் பிரச்சினை என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. அரசாங்கம் ஒரு காகிதத்தை ஏற்கவில்லை என்றால் மனைவி மனைவி இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் விமான நிலைய கவுண்டரில் நிலைமை அதேதான். தாலி அங்கே செல்லாது, சான்றிதழ்தான் செல்லும்.

அதனால் முதல் வேலை திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல் வந்தது. எந்த மதமானாலும், எந்தச் சாதியானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை அவகாசம் உண்டு. சார்பதிவாளர் முன் இருவரும் நேரில் நிற்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். முப்பது நாள் லீவில் மறுவீடு, குலதெய்வக் கோயில், பதினெட்டு வீட்டு விருந்து, ஊட்டி எல்லாம் போவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் நேரம் இருக்காது. பையன் விமானம் ஏறிய பிறகு, "பதிவு பண்ணலாமா சார்?" என்று கேட்பார்கள். அடுத்த லீவு ஒன்றரை வருஷம் கழித்து. ஒரு காலை நேர வேலைக்காக ஒன்றரை வருஷப் பிரிவு. தாலி கட்டிய வாரத்திலேயே பதிவை முடியுங்கள். விருந்து எங்கும் ஓடிப் போகாது.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலிருந்து படித்து மேலே வந்தவர்களில் சிலர் இப்போது வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அதில் எனக்குள்ள பெருமையை எழுதி மாளாது. மலையாளி சமூகம் பட்டியல் பழங்குடி. இந்து திருமணச் சட்டம் 1955இன் 2(2) பிரிவுப்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய அந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. உங்கள் வழக்கப்படி நடந்த திருமணம் செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பதிவு செய்யும்போது விஷயம் தெரியாமல் யாராவது இந்து திருமணச் சட்டப் படிவத்தை நீட்டினால், 2009 சட்டத்தின் கீழ் பதியச் சொல்லிக் கேளுங்கள். அது எல்லாருக்கும் பொருந்தும் சட்டம். இன்னொன்று, மலையில் ஜாகிர்தார் முறை 1976 வரை இருந்தது. பள்ளிக்கூடமும் அலுவலகமும் மற்ற ஊர்களைவிடத் தாமதமாகவே மேலே ஏறின. அதனால் பெரியவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது, பள்ளியில் ஆசிரியர் போட்டதுதான் பிறந்த தேதி. மாற்றுச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, வாக்காளர் அட்டையில் ஒரு வயது என்று இருந்தால், விசா நேரத்தில் அல்ல, இன்றைக்கே உட்கார்ந்து சரி செய்யுங்கள். உங்களுக்கு மட்டும் அல்ல, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் சேர்த்து.

அடுத்தது பெயர். நமக்கு இருப்பது இனிஷியல். வெளிநாட்டுக்காரன் கேட்பது முதல் பெயர், குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், பெண்ணுக்குப் பெயர் தெரியாதவள் என்று பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லில் பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற்கிறோம் என்று தளர்த்தியது. ஆகவே அப்பா பெயரை விரித்து எழுதி இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள்.

அதே மூச்சில் இன்னொன்று. கல்யாணம் ஆனதும் பெண்ணின் இனிஷியலை அவசரமாகக் கணவன் பெயருக்கு மாற்றாதீர்கள். எந்தச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை அப்பா பெயரில், பாஸ்போர்ட் மட்டும் கணவன் பெயரில் என்றால், நாளைக்கு அங்கே அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு தனிப் பைல் வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டில் கணவன் பெயரைச் சேர்ப்பது பற்றியும் குழப்பம் இருக்கிறது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கணவனோடு விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். கணவன் கையெழுத்து வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மனைவி பாஸ்போர்ட் பெறக் கணவனின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை, திருமணம் ஆனதால் ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை என்று உத்தரவிட்டார். இதைப் பெண்களைப் பெற்றவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, கல்லூரி முடிக்கும்போதே மகளுக்கு அவள் பெயரில் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை தேடும் முன்பே அது பீரோவில் இருக்கட்டும். நகை சேர்க்கிறோம், இதுவும் ஒரு நகைதான். எடை குறைவு, மதிப்பு அதிகம்.

கல்யாணத்துக்குப் பின் எடுப்பவர்களுக்கு நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று. விண்ணப்பத்தில் புகுந்த வீட்டு விலாசம் கொடுத்திருப்பார்கள். விசாரணைக்குக் காவலர் வரும்போது ஆடி மாதம். புதுப்பெண் அம்மா வீட்டில் இருப்பாள். "அந்த விலாசத்தில் ஆள் இல்லை" என்று எழுதிவிட்டால் அதைச் சரி செய்ய மாசக்கணக்கு ஆகும். என்னிடம் வந்த பைல்களில் இரண்டு இப்படி நின்றவை. விண்ணப்பிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் பாருங்கள், அல்லது காவலர் போன் செய்யும்போது எடுப்பது அந்தப் பெண்ணாக இருக்கட்டும். அவள் எண்ணைக் கொடுத்தால்தானே அவள் எடுப்பாள்!

இதுதான் என் பெரிய வருத்தம். விண்ணப்பத்தில் இருக்கும் கைபேசி எண் கணவனுடையது, இல்லையென்றால் பிரவுசிங் சென்டர்காரருடையது. மின்னஞ்சல் அந்தச் சென்டர் பையன் உருவாக்கியது. கடவுச்சொல் அவனுக்கே மறந்துவிட்டது. நேர்காணல் தேதி வந்ததும் தெரியவில்லை, தாண்டிப் போனதும் தெரியவில்லை என்று ஒரு மாமனார் என் திண்ணையில் உட்கார்ந்து புலம்பினார். அந்தப் பெண்ணின் கையிலேயே ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, நாள் முழுக்க ரீல்ஸ் வருகிறது. ஒரு மின்னஞ்சல் மட்டும் அவளால் பார்க்க முடியாதா?

"சார், அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஒரு தப்புப் பண்ணிட்டா விசா போயிடும். நானே பண்றதுதான் பாதுகாப்பு" என்று போன வாரம் கத்தாரிலிருந்து ஒரு மாணவன் சொன்னான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. படிவங்கள் கடினம். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில், ஷிப்ட் முடித்து வந்து, ஒவ்வொரு கேள்வியையும் போனில் விளக்கிக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? ஆனால் அவன் ஒன்றை யோசிக்கவில்லை. படிவத்தின் கடைசியில், "மேலே சொன்னதெல்லாம் உண்மை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது அவள். தவறான தகவல் என்று பிடிபட்டால் தடை அவள் பெயரில் விழும். கனடா என்றால் ஐந்து வருஷம், பிரிட்டன் என்றால் பத்து வருஷம் வரை, அமெரிக்கா என்றால் விலக்குக் கிடைக்காதவரை ஆயுளுக்கும். ஏஜென்ட் "சும்மா போடுங்க" என்று சேர்த்த ஒரு போலி அனுபவச் சான்றிதழோ, மறைத்த ஒரு பழைய விசா மறுப்போ, அவளுக்கே தெரியாமல் அவள் வாழ்க்கையை அடைத்துவிடும். நேர்காணலில் அதிகாரி கேட்பதும் அவளைத்தான். கணவன் என்ன வேலை, எந்த ஊர், என்ன சம்பளம், எப்போது கல்யாணம் என்று கேட்கும்போது, தன் படிவத்தையே பார்க்காத பெண் திணறுவாள். உண்மையான கல்யாணமே பொய்க் கல்யாணம் போலத் தெரியும்.

இங்கிலீஷ் வராது என்றால் தமிழில் படித்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு பக்கமாக அனுப்பி, "இது புரிந்ததா, இது உண்மையா" என்று கேளுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். வெளிநாட்டுக்கு வந்தபின் வங்கி, மருத்துவமனை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஆயிரம் படிவம் அவள் முன்னால் நிற்கப் போகிறது. முதல் படிவத்தை நீங்கள் பிடுங்கிக்கொண்டால் கடைசிப் படிவம் வரை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

ஏஜென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. சவுதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் எல்லாம் அப்போஸ்டில் ஒப்பந்த நாடுகள். இந்தியாவும் 2005 முதல் அதில் இருக்கிறது. அந்த நாடுகளுக்குத் திருமணச் சான்றிதழில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், குவைத், கத்தார் அதில் சேரவில்லை, அவர்களுடைய தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய், பெற்று அனுப்பும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் "எதற்கு எவ்வளவு, ரசீது கொடுங்கள்" என்று கேட்கும் தைரியம் விவரம் தெரிந்தவர்களுக்கே வரும்.

இனி பெண்ணைப் பெற்றவர்களுக்கு. "மாப்பிள்ளை சிங்கப்பூர்" என்றதும் நாம் மேற்கொண்டு கேட்பதில்லை. எந்தப் பாஸில் இருக்கிறார் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ இருந்து, மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருந்தால்தான் மனைவிக்கு டிபென்டன்ட் பாஸ். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். குவைத் 2024இல் குடும்ப விசாவுக்கு 800 தினார் என்று வைத்தது. பிரிட்டனில் 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போன பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. ஜெர்மனிக்குப் போகும் மனைவி பொதுவாக ஏ1 அளவு ஜெர்மன் தேற வேண்டும், கணவன் ப்ளூ கார்டில் இருந்தால் விலக்கு உண்டு. இந்த எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை, போகும்போது அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒர்க் பெர்மிட்டில் உழைக்கும் பையனைக் குறைத்துச் சொல்லவில்லை. கப்பல் பட்டறையிலும் கட்டடத்திலும் வியர்வை சிந்தி, இங்கே தங்கைக்குக் கல்யாணம் செய்து, வீடு கட்டிய என் மாணவர்கள் பலர். ஆனால் "ஆறு மாசத்துல கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று பெண் வீட்டில் சொல்லக் கூடாது. பிரிந்திருக்கத்தான் வேண்டும் என்றால் அதைத் தெரிந்து சம்மதிப்பது வேறு, தெரியாமல் காத்திருப்பது வேறு. நான்கு வருஷமாக "விசா வந்துடும்" என்ற சொல்லை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் பெண் நம் தாலுகாவிலேயே இருக்கிறாள். அவளுக்காக ஒரு விண்ணப்பம்கூடப் போடப்படவில்லை. பைல் அவள் கையில் இருந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

கூட்டிப் போன பின்பும் கவனம் வேண்டும். டிபென்டன்ட் விசா என்பது கணவனின் வேலையில் தொங்கும் விசா. அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருப்பவர் வேலைக்குப் போக, பெரும்பாலும் கணவனின் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021 மே முதல் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போய், நான்கு சுவருக்குள் அழுத ஆசிரியைகளை எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைக் கணவனோ மாமியாரோ வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 17 என்ன சொல்கிறது? பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பூட்டி வைக்கக் கணவனுக்கு எந்த உரிமையும் இல்லை. வெளிநாட்டு இந்தியர் திருமணங்களைக் கட்டாயம் பதிய 2019இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287ஆவது அறிக்கையில் இப்படிப்பட்ட திருமணங்களுக்கு விரிவான சட்டம் வேண்டும் என்றது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை அவளுக்குப் பாதுகாப்பு அவள் கையில் இருக்கும் நகல்கள்தான்.

இதையெல்லாம் ஆண்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மாணவி ஒருத்தி கணவனுக்காக விண்ணப்பித்தாள். அவன் இங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டு கரும்பு பார்ப்பவன். அவள் ஒரு படிவத்தையும் அவனுக்காக நிரப்பவில்லை. "நீயே நிரப்பு, நான் சரி பார்க்கிறேன்" என்றாள். இரண்டு மாதம் திட்டிக்கொண்டே நிரப்பினான். இன்றைக்கு அங்கே போய், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் அவன்தான் படிவம் நிரப்பிக் கொடுக்கிறானாம். நான் கேட்பது இந்த முறையைத்தான். யார் வெளிநாட்டில் இருந்தாலும் சரி.

எனவே என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம்.

1. மனைவி பெயரில், அவள் மட்டும் கடவுச்சொல் அறிந்த ஒரு மின்னஞ்சல். எல்லா விண்ணப்பத்திலும் அதுவும் அவள் எண்ணும்.

2. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், அனுப்பிய ஒவ்வொரு படிவம் ஆகியவற்றின் நகல் அவளிடம் ஒன்று, அவள் அம்மா வீட்டில் ஒன்று.

3. உன் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விசா நகலை அவளுக்கு அனுப்பு. அவளை அழைக்க அவைதான் ஆதாரம். மனைவியிடம் சம்பளச் சீட்டைக் காட்டத் தயங்கினால் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

4. படித்துப் பார்க்காத எதிலும் அவள் கையெழுத்துப் போடக் கூடாது. நீ நீட்டினாலும் சரி.

மகள்களுக்கு: "அவர் பார்த்துக்குவார்" என்று சொல்லாதீர்கள். உங்களைப் படிக்க வைத்தது கையெழுத்துப் போட மட்டும் இல்லை, எதில் போடுகிறோம் என்று பார்க்கவும்தான்.

பைலோடு வருபவர்கள் தாராளமாக வாருங்கள், காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஒரே நிபந்தனை. யாருடைய பைலோ அவரும் கூட வர வேண்டும். மாமனார் மட்டும் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்